விதையைப் பார்த்துச் செடியைச் சொல்லலாமா?

புரட்டாதி பிறந்தால் யாழ்ப்பாணத்து வளவுகளில் விதைப் போத்தல்கள் வெளியே வரும். மாரி மழை இறங்குமுன் பாத்தி கட்டி, பந்தல் போட்டு, விதை ஊன்றிவிட வேண்டும். பெயர் எழுதாத கடதாசிச் சுருள்கள் கையில் அகப்படுவதும் அப்போதுதான். போன வருஷம் யாரோ கொடுத்தது, சந்தையில் வாங்கியதன் மிச்சம், பழம் வெட்டியபோது கழுவிக் காயவைத்தது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியாக வந்திருக்கும். இது கத்தரியா மிளகாயா? பாகலா புடோலா?

ஊரில் இதற்கு இரண்டு பதில் கிடைக்கும். விதையைக் கையில் எடுத்த உடனே "இது ஊர் மிளகாய், அது ஹைபிரிட், இந்தப் பப்பாசி விதை பெண் மரம்" என்று அடித்துச் சொல்பவர்கள் ஒரு பக்கம். "போட்டுப் பாருங்கோ, முளைச்சால்தான் தெரியும்" என்பவர்கள் மற்றப் பக்கம். இரண்டு பேச்சும் பிழை. எந்தக் குடும்பத்துச் செடி என்பதை விதை ஏறத்தாழ எப்போதும் சொல்லும். என்ன செடி என்பதைப் பெரும்பாலும் சொல்லும். அந்தச் செடியில் எந்த வர்க்கம் என்பதை அனேகமாகச் சொல்லாது. பப்பாசி ஆணா பெண்ணா என்பதைச் சொல்லவே சொல்லாது. ஏன் இப்படி என்று விளங்கிக்கொண்டால், எந்த விதையில் கண்ணை நம்பலாம், எதில் நம்பக்கூடாது என்பது தானாகத் தெரியவரும்.

மூன்று சொற்களை முதலிலேயே பிரித்துக்கொள்வோம். கத்தரி, தக்காளி, மிளகாய், புகையிலை எல்லாம் ஒரே குடும்பம். அதற்குள் கத்தரி ஓர் இனம், மிளகாய் இன்னோர் இனம். கத்தரி இனத்துக்குள் 'திருநெல்வேலி ஊதா' ஒரு வர்க்கம்.

## விதைக்குள் என்ன இருக்கிறது

தூர ஊருக்குப் போகும் பிள்ளைக்குத் தாய் பெட்டி கட்டிக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் பிள்ளை இருக்கிறது, அதற்கு வழிச் சாப்பாடும் இருக்கிறது. விதை அப்படிப்பட்டதுதான். வெளியே இருக்கும் தோல் வித்துறை. உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு செடி முளையம். சாப்பாடு இரண்டு விதமாக வைக்கப்படும். சில செடிகளில் அது முளையத்தின் முதல் இலைகளுக்குள்ளேயே நிறைந்திருக்கும். அந்த இலைகளின் பெயர் வித்திலை. உழுந்தை ஊறவைத்துத் தோலை நீக்கினால் இரண்டாகப் பிளக்கிறதே, அந்தப் பருப்புகள் இரண்டும் வித்திலைகள். வேறு செடிகளில் சாப்பாடு முளையத்துக்கு வெளியே, அதைச் சுற்றித் தனியாக இருக்கும். அதை வித்தகவிழையம் என்பார்கள். தக்காளி, மிளகாய், வெங்காயம், பப்பாசி எல்லாம் இந்த இரண்டாவது வகை.

விதையின் ஒரு இடத்தில் சிறு வடுவும் இருக்கும். காய்க்குள் தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த இடம் அது, வித்துத் தழும்பு. பயறு வகைகளை அடையாளம் காண இதைவிட நல்ல குறி கிடையாது.

இந்தப் பெட்டியைச் செய்தது யார்? பூவின் சூலகத்துக்குள் விதையாக மாறப்போகும் சிறு மணிகள் இருக்கும். மகரந்தம் வந்து சேருமுன்பே அந்த மணிகளுக்குத் தோல் உண்டு. அந்தத் தோல் முழுக்கத் தாய்ச்செடியின் உடம்பு. மகரந்தம் வந்து சேர்ந்த பிறகு உள்ளே இரண்டு இணைவுகள் நடக்கின்றன: ஒன்றிலிருந்து முளையம் பிறக்கும், மற்றதிலிருந்து வித்தகவிழையம் உண்டாகும். இந்த இரட்டை இணைவை 1898இல் லில்லிக் குடும்பத்துப் பூக்களில் கண்டு சொன்னவர் தாவரவியலாளர் செர்கேய் நவாஷின். முளையத்திலும் வித்தகவிழையத்திலும் தாய்க்கும் பங்குண்டு, தந்தைக்கும் பங்குண்டு. வித்துறை மட்டும் தாயினுடையது. தந்தை யார் என்பது அதில் பதியாது.

## குடும்பம் தெரிகிறது, வர்க்கம் ஏன் தெரிவதில்லை

உங்கள் வளவில் ஒரு பூசணி, பக்கத்து வளவில் வேறு வர்க்கப் பூசணி. தேனீ அங்கிருந்து மகரந்தம் கொண்டுவந்து உங்கள் பூசணியின் பூவில் வைக்கிறது. அந்தக் காயின் விதையைப் பார்த்தால் உங்கள் பூசணி விதை மாதிரியேதான் இருக்கும், ஏனென்றால் தோல் தாயினுடையது. அதை ஊன்றி, கொடி படர்ந்து, காய்த்த பிறகுதான் கலப்பு வெளியே வரும். 'விதை நல்ல விதைதான், காய் ஏன் மாறிப் போனது?' என்று எத்தனையோ பேர் குழம்புவது இதனால்.

இது வெறும் ருசிப் பிரச்சினை என்று விட்டுவிடவும் முடியாது. சுரை, பீர்க்கு, பூசணி போன்றவற்றில் கசப்பான காட்டு வகையோடு கலந்த விதையிலிருந்து வரும் காய் கடும் கசப்பாக இருக்கக்கூடும். குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு. அவித்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். விதையில் இது தெரியவே தெரியாது. ஆகவே வீட்டு விதையில் வந்த முதல் சுரைக்காயைக் கறிக்கு வெட்டும்போது நுனியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் அந்தக் கொடியையே பிடுங்கிவிடுவது நல்லது.

சோளனில் கதை வேறு. வெள்ளைச் சோளன் பொத்தியில் இடைக்கிடை மஞ்சள் மணி வந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நிறம் இருப்பது வித்தகவிழையத்தில். அதில் தந்தைக்குப் பங்குண்டு. மேலே தோல் மெல்லியது, நிறம் ஊடாகத் தெரிகிறது. அதனால் அயல் தோட்டத்து மகரந்தம் அந்தப் பொத்தியிலேயே கையும் களவுமாகப் பிடிபடுகிறது.

வர்க்கம் தெரியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதற்கு மனிதன்தான் பொறுப்பு. கத்தரியில் நமக்கு வேண்டியது காய். நீளம், உருண்டை, ஊதா, வெள்ளை, பச்சை என்று தலைமுறை தலைமுறையாகக் காயைப் பார்த்துத்தான் தெரிந்தெடுத்தோம். விதையை யாரும் கவனிக்கவில்லை, அது பழையபடியே இருந்துவிட்டது. கோவா, பூக்கோவா, நோக்கோல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இலை, ஒன்றில் பூ, ஒன்றில் தண்டு என்று மூன்று விதமாக வளர்த்தெடுத்தோம். மூன்றும் ஒரே இனம். மூன்றின் விதையையும் ஒரு தட்டில் கலந்துவிட்டால் பிறகு யாராலும் கண்ணால் பிரித்தெடுக்க முடியாது.

பயறு வகைகளில் விதையையே சாப்பிடுகிறோம். அதனால் அங்கே விதையின் நிறத்தையும் பருமனையும் பார்த்துத் தெரிந்தெடுத்திருக்கிறோம், வர்க்கத்துக்கு வர்க்கம் விதையும் மாறுகிறது. சிவப்புக் கௌபியையும் வெள்ளைக் கௌபியையும் சின்னப் பிள்ளையும் பிரித்துவிடும். விதையைச் சாப்பிடும் பயிரில் வர்க்கம் விதையில் தெரிய வாய்ப்புண்டு. காயையோ இலையையோ சாப்பிடும் பயிரில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தோல் தாயுடையது, அதனால் கலப்பு வெளியே தெரியாது. மனிதன் விதையைப் பார்த்துத் தெரிந்தெடுக்காத பயிரில் வர்க்கம் விதையில் பதியவில்லை. குடும்பத்துக்கும் இனத்துக்கும் உரிய வடிவம் மட்டும் உறுதியாக நிற்கிறது.

## விதை என்று சொல்வதெல்லாம் விதை இல்லை

மல்லியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் இரண்டாகப் பிரியும். உருண்டையாக இருந்தது காய்ந்த கனி. ஒவ்வொரு பாதிக்குள்ளும் ஒரு விதை. சூரியகாந்தியிலும் சீனியாவிலும் நாம் ஊன்றுவது தோடு மூடிய முழுக் கனி. பீட்ரூட்டில் இது நடைமுறையில் முக்கியம். அந்தச் சொரசொரப்பான உருண்டை பல கனிகள் ஒட்டிய கொத்து. ஒன்றை ஊன்றினால் இரண்டு, மூன்று, சிலவேளை நான்கு முளை வரும். ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடாவிட்டால் கிழங்கு பருக்காது.

இப்படிப்பட்டவற்றில் வித்துத் தழும்பைத் தேடுவது வீண். வெளியே தெரிவது கனியின் தோல், விதை அதற்குள் ஒளிந்திருக்கிறது.

## பார்க்கும் முறை

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான்: வெள்ளைக் கடதாசி, மில்லிமீற்றர் கோடுள்ள அடிமட்டம், 10 மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை, ஒரு பிளேட், ஈரப் பஞ்சு.

சுருளில் இருந்து பத்து விதைகளை எடுங்கள். ஒரு விதையை வைத்து முடிவு சொல்லக்கூடாது, அது சூம்பியதாகவோ வேறு விதை கலந்ததாகவோ இருக்கலாம். சாம்பலில் பிரட்டி வைத்திருந்தால் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்; சாம்பல் இருந்தால் மேற்பரப்பின் கோலம் தெரியாது. பத்தையும் வரிசையாக வைத்து நீளத்தை அளந்து சராசரி எடுங்கள். பிறகு தட்டையா உருண்டையா, ஓரத்தில் கரை இருக்கிறதா, மேலே மயிரா குழியா வழவழப்பா, தழும்பு எங்கே என்று இந்த ஒழுங்கில் பாருங்கள். நிறத்தைக் கடைசிக்கு விடுங்கள். நிறம் பழக்கத்தால் முதலில் கண்ணில் படும், ஆனால் முதலில் ஏமாற்றுவதும் அதுதான். முற்றாத விதை வெளிறியிருக்கும், பழைய விதை கருத்திருக்கும், ஈரத்தில் கிடந்தது மங்கியிருக்கும்.

அப்போதும் தெரியாவிட்டால் இரண்டு விதையை இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் பிளேட்டால் வெட்டிப் பாருங்கள். தட்டை விதையைத் தட்டையான முகத்துக்குச் சமாந்தரமாக வெட்ட வேண்டும், குறுக்காக வெட்டினால் முளையத்தின் வளைவு தெரியாது. இரண்டு தடித்த பருப்பு மட்டும் இருந்தால் பயறுக் குடும்பம் அல்லது பூசணிக் குடும்பம். வெளிறிய தசைக்குள் மெல்லிய புழுப்போல் முளையம் சுருண்டு கிடந்தால் கத்தரிக் குடும்பம்.

கடையில் வாங்கிய விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ பச்சையாகவோ இருந்தால் அது விதையின் நிறம் இல்லை. பூஞ்சணநாசினி பூசியிருக்கிறார்கள் என்பதற்கான அடையாளச் சாயம். அதை வாயில் வைக்கக்கூடாது, தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பொதுவாகவே பெயர் தெரியாத விதையை ருசி பார்க்கும் பழக்கம் வேண்டாம். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

## கத்தரிக் குடும்பம்: ஒன்றுபோல் ஒன்று

நாற்றுமேடையில் மிக அதிகமாக மாறிப்போவது இந்தக் குடும்பம்தான். எல்லாம் தட்டை, எல்லாம் வெளிர் நிறம், எல்லாம் சில மில்லிமீற்றர். ஆனால் கைவில்லையின் கீழ் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

தக்காளி விதையில் மயிர் உண்டு. வெல்வெட் துணி மாதிரி நரைத்த சாம்பல் நிறம், ஏறத்தாழ 3 மி.மீ. விரலால் தேய்த்தால் சொரசொரக்கும். கடை விதையில் இந்த மயிரைத் தேய்த்து எடுத்திருக்கக்கூடும், அப்போதும் ஓரங்களில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

மிளகாய் விதை இவற்றில் பெரியது: 3 முதல் 4 மி.மீ., வைக்கோல் மஞ்சள், மெலிந்த வட்டம். ஓரம் நடுவைவிடச் சற்றுத் தடித்திருக்கும், தழும்பு இருக்கும் பக்கத்தில் சிறு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கத்தரி விதை அதைவிடச் சிறியது, நடுவில் கொஞ்சம் உப்பியது, மஞ்சளோடு மண்ணிறம் கலந்து பளபளக்கும். தழும்பு இருக்கும் இடத்தில் மூக்குக்குப் பதிலாக ஒரு சின்ன வெட்டு. மூக்கா வெட்டா என்று பார்த்தால் மிளகாயையும் கத்தரியையும் பிரித்துவிடலாம். சுண்டங்கத்தரி கத்தரியின் குட்டி வடிவம். பாதியளவுக்குச் சற்று மேலே இருக்கும்.

புகையிலையை யாரும் மாற்றிக்கொள்ள வழியில்லை. தூள் மாதிரி மண்ணிறம், அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் விதை இருக்கும். மண்ணோடு கலந்து தூவாவிட்டால் ஒரே இடத்தில் கும்பலாக விழுந்துவிடும்.

இனி ஊமத்தை. வேலியோரத்திலும் வெறுங்காணியிலும் தானாக முளைக்கும் இந்தச் செடியும் கத்தரிக் குடும்பம். விதை மிளகாய் விதையை ஒத்தது, ஆனால் கடும் நஞ்சு. அற்றோபின், ஹயோசின் போன்ற நச்சுகள் அதில் இருக்கின்றன. சில விதைகள் உள்ளே போனாலே வாய் உலரும், கண்மணி விரியும், புத்தி தடுமாறிப் பிதற்றுவார்கள், உயிருக்கும் ஆபத்து. சட்ட மருத்துவப் பாடத்தில் மிளகாய் விதையையும் ஊமத்தை விதையையும் பிரித்தறிவதைத் தனியாகவே கற்பிக்கிறார்கள் என்றால் ஒற்றுமையை யோசித்துப் பாருங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊமத்தை தடிப்பானது, பெரியது, 5 மி.மீ. வரை வரும், காதின் வடிவம். மிளகாய் மெலிந்தது, வட்டமானது. ஊமத்தையின் வளைந்த ஓரத்தில் இரட்டை வரம்பு ஓடும், மிளகாயில் ஒரே ஓரம். ஊமத்தையின் முகம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், மிளகாயின் முகம் ஏறத்தாழ வழவழப்பு. ஊமத்தை மஞ்சள் கலந்த மண்ணிறம், மிளகாய் வெளிர் மஞ்சள். வெட்டிப் பார்த்தால் மிளகாயின் முளையம் தழும்புப் பக்கம் வரும்போது 6 என்ற இலக்கம்போல் உள்நோக்கிச் சுருண்டிருக்கும், ஊமத்தையில் அந்த நுனி வெளிநோக்கி வளையும். சந்தேகம் கொஞ்சம் மிஞ்சினாலும் அந்தச் சுருளை முழுவதும் எரித்துவிடுங்கள். செத்தல் மிளகாயோடு அதே தட்டில் காயவிடவும் வேண்டாம்.

## பந்தல் கொடிகள்

இந்தக் குடும்பம் பழகுவதற்கு இலகு. விதைகள் பெரியவை, ஒவ்வொன்றுக்கும் தனி முகம் இருக்கிறது. முதன்முதலில் கற்றுக்கொள்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

பூசணி விதை வெள்ளையோ மங்கிய மஞ்சளோ, ஒரு சென்ரிமீற்றருக்கு மேல். சுற்றிவர வேறு நிறத்தில் ஒரு கரை பிடித்திருக்கும். நீற்றுப்பூசணி அதைவிட ஒடுங்கியது; பல வகைகளில் ஓரத்தைச் சுற்றி ஒரு படி வைத்தாற்போல் இரட்டைக் கரை இருக்கும். சுரை நீண்ட சதுரம், முகத்தில் நெடுக்குக் கோடுகள், அகன்ற முனையின் இரண்டு மூலையிலும் காது மாதிரி எழும்பியிருக்கும். வத்தகை விதை எல்லோருக்கும் தெரிந்தது. கெக்கரியும் வெள்ளரியும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு: ஒடுங்கிய, கூர்முனையுள்ள, வழவழப்பான வெள்ளை விதை. விதையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பாகலும் புடோலும்தான் அதிகம் மாறிப்போகும் சோடி. இரண்டும் மண்ணிறம், இரண்டும் முரடு, பழுத்த காயில் இரண்டையும் சிவப்புச் சதை மூடியிருக்கும். பாகல் விதையின் இரண்டு முகத்திலும் சிற்பி செதுக்கியது போன்ற ஒழுங்கான கோலம் இருக்கும், முனையில் சின்னப் பற்கள் தெரியும். புடோல் விதை தடித்தது, பெரும்பாலும் பாகலைவிடப் பெரியது. அதில் செதுக்கிய கோலம் கிடையாது, ஒழுங்கில்லாத முரடுதான். ஓரம் மட்டும் அலையலையாக வளைந்து போகும். முகத்தில் கோலம் என்றால் பாகல், ஓரத்தில் அலை என்றால் புடோல். பாகலில் 'திருநெல்வேலி வெள்ளை' உட்பட எந்த வர்க்கமானாலும் விதையின் கோலம் ஒன்றுதான், காயின் நிறம் விதையில் தெரியாது.

பீர்க்கில் இரண்டு இனம் உண்டு. விளிம்பு எழும்பிய வரிப் பீர்க்கின் விதை கறுப்பு, முகம் குழி விழுந்து முரடாக இருக்கும், ஓரத்தில் கரை இல்லை. காயில் விளிம்பில்லாத, முற்றினால் உடம்பு தேய்க்க எடுக்கும் நுரைப் பீர்க்கின் விதை வழவழப்பு. சுற்றிவர மெல்லிய இறகுபோல் ஒரு ஓரம் ஓடும். விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரியும்.

## பயறு வகை: தழும்பைப் பாருங்கள்

இங்கே பருமனும் நிறமும் வர்க்கத்துக்கு வர்க்கம் மாறும் என்று முன்பே பார்த்தோம். தழும்பு மாறாது.

உழுந்தையும் பயறையும் கைவில்லையின் கீழ் வையுங்கள். உழுந்தின் வெள்ளைத் தழும்பு மேலே எழும்பி, நடுவில் குழிந்து நிற்கும். பயறின் தழும்பு தோலோடு தட்டையாகப் படிந்திருக்கும். கறுத்த பயறும் பச்சை உழுந்தும் உலகில் உண்டு, அவற்றிலும் இந்தக் குறி பிழைக்காது.

அவரையில் தழும்பு ஒரு பக்க ஓரம் நெடுக வெள்ளைக் கொண்டைபோல் நீண்டிருக்கும், வேறு எதிலும் இப்படி இல்லை. வாளவரையில் தழும்பு விதையின் முழு நீளத்துக்கும் கிட்டத்தட்ட ஓடும். சிறகவரை ஏறத்தாழ உருண்டை, பளபளப்பு, தழும்பு சிறியது. பயற்றங்காயும் கௌபியும் ஒரே இனம். பயற்றங்காய் விதை பொதுவாக நீண்டு மெலிந்திருக்கும், ஆனால் இடைப்பட்ட வடிவங்களும் வரும் என்பதால் உறுதியாகச் சொல்லாதீர்கள்.

சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியும் இந்தக் குடும்பந்தான். கொடும் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

## சின்னதும் கறுப்பும்

முளைக்கீரை, தண்டுக்கீரை, சிவப்புக்கீரை எல்லாம் ஒரு மில்லிமீற்றர் அளவில் பளபளக்கும் கறுப்புப் பொட்டுகள். இலை சிவப்பா பச்சையா என்பது விதையில் இல்லை. கோழிக்கொண்டைப் பூவும் இதே குடும்பம், விதையும் இதேபோல்தான். கீரைப் பாத்தியில் பூச்செடி முளைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வெங்காய விதை கறுப்பு, மூலை மூலையாக, தோல் சுருங்கி, 3 மி.மீ. அளவில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் சின்ன வெங்காயம் பெரும்பாலும் கிழங்கு நட்டே செய்யப்படுவதால் இந்த விதையைப் பார்க்காத தோட்டக்காரரும் உண்டு. கருஞ்சீரகத்தோடு மாறினால் நசுக்கி முகர்ந்து பாருங்கள், கருஞ்சீரகத்தின் வாசனை உடனே எழும்பும். லீக்ஸ் விதையை வெங்காய விதையிலிருந்து கண்ணால் பிரிக்க முடியாது. வெங்காய விதை சீக்கிரம் உயிர் இழக்கும். நம்மூர் வெக்கையில் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே வைத்ததை நம்பிப் பாத்தி கட்டாதீர்கள்.

கடுகு, கோவா, முள்ளங்கி உருண்டைகள். முள்ளங்கி பெரியது, 3 மி.மீ. வரும், முழு உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் நசிந்திருக்கும். வெண்டி 4 முதல் 5 மி.மீ., சாம்பல் பச்சை, மெல்லிய கோடுகள். முருங்கைக்கு மூன்று கடதாசிச் சிறகு. பப்பாசி கறுப்பு, சுருக்கம் விழுந்தது. பூ வரும்வரை அந்த மரம் ஆணா பெண்ணா என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, விதை மிதந்தாலும் தாழ்ந்தாலும்.

சர்பத்தில் போடும் கசகசா போன்ற சின்னக் கறுப்பு விதை அகப்பட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிஷத்தில் சுற்றிவர வழுவழுப்பான உறை எழும்பினால் துளசி இனங்களில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கீரை விதை அப்படி ஊதாது.

## முளைக்கவைத்துப் பார்த்தல்

விதையில் நின்றுபோன கேள்விக்கு முளை பதில் சொல்லும், அதற்குக் காய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடியில் மூன்று துளை போட்ட யோகட் கப்பில் மணலும் மக்கிய எருவும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். பத்து விதையை, அதன் தடிப்பைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தில் வையுங்கள். புகையிலை, துளசி போன்றவற்றை மேலே தூவி அழுத்தினால் போதும். தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக்கூடாது. மாரிகாலத்தில் அதிக ஈரத்தில் நாற்றின் அடி அழுகி, முளைத்தது எல்லாம் ஒரே இரவில் சாய்ந்துவிடும்.

நம்மூர் வெக்கையில் முள்ளங்கி மூன்று நான்கு நாளில் தலைகாட்டும். வெண்டிக்கும் பந்தல் கொடிகளுக்கும் நான்கு முதல் ஏழு நாள், தக்காளிக்கு ஏறத்தாழ ஒரு கிழமை, கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதைவிடக் கொஞ்சம் கூட. பாகலுக்குத் தோல் தடிப்பு, 12 மணித்தியாலம் ஊறவைத்தால் சீராக முளைக்கும். பப்பாசிக்கு இரண்டு கிழமைக்கு மேலும் ஆகலாம், அவசரப்பட்டுக் கப்பைக் கொட்டிவிடாதீர்கள்.

முதலில் வருவது வித்திலைகள். கடுகுக் குடும்பத்தில் அவை நுனியில் வெட்டு விழுந்த இதய வடிவம். வெங்காயத்தில் ஊசி மாதிரி ஒற்றை இலை, மடிந்து கொக்கியாக எழும்பும். பயறு, உழுந்து, அவரை, பயற்றங்காய் ஆகியவை வித்திலையை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும். சிறகவரையும் துவரையும் வித்திலையை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தண்டை மட்டும் அனுப்பும்.

கத்தரிக் குடும்பத்தில் வித்திலையை வைத்து முடிவெடுக்காதீர்கள், எல்லாம் ஒடுங்கிய கூரிய இலைகள்தான். அடுத்து வரும் உண்மையான இலை வரட்டும். தக்காளி என்றால் அது வெட்டு வெட்டாகப் பிரிந்திருக்கும், கசக்கினால் தக்காளி வாசம் கையில் ஒட்டும். கத்தரி என்றால் அகன்று, ஓரம் அலைந்து, மேலே மென்மயிர் இருக்கும். மிளகாய் என்றால் மயிரில்லாமல் பளபளக்கும் தனி இலை. கசக்கும்போது குமட்டும் நாற்றம் வந்தால் ஊமத்தையாக இருக்கலாம். வேரோடு பிடுங்கி, கையைக் கழுவிவிட்டு, அதே சுருளில் இருந்து வேறு கப்புகளில் போட்டவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மற்றவை நான்கைந்து இலை விட்டதும் பாத்திக்கு மாற்றலாம், பார்ப்பதற்காகப் போட்ட பத்து விதையும் வீண்போகாது.